தாய்மாமன் துணி

என் கணவர் செழியன் தன் தங்கை கலாவதியோடு பேசி அப்போது நாலு வருஷமாகியிருந்தது. அவள் வெஸ்ட் வின்ட்சரில் இருக்கிறாள், நாங்கள் ஜெர்சி சிட்டியில். காரில் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தை இவர் நாலு வருஷமாக ஓட்டியும் இன்னும் போய்ச் சேர்ந்திருக்கவில்லை.

காரணம் ஊரறிந்ததுதான். தங்கையை அமெரிக்காவுக்குப் படிக்க வரவழைத்தவர் இவர். வந்தவள் வேறு சாதிக்காரரான மதனைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஊரில், கோபியில் இருக்கும் மாமனாரும் மாமியாரும் அவளைத் தலைமுழுகிவிட்டார்கள். இவர் தலைமுழுகவில்லை, வாயைத்தான் மூடிக்கொண்டார். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

1999 அக்டோபரில் மதன் ஃபோன் செய்தார். "பொண்ணு பொறந்திருக்குங்க. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. உங்ககிட்ட சொல்லச் சொன்னா," என்று வைத்துவிட்டார். நான் இவரிடம் சொன்னேன். தயிர்ச்சோற்றிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்" என்றார். அந்த "ம்" எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் பக்கத்தில் குழந்தையைத் தொட்டிலில் போடும்போது தாய்மாமன் துணிதான் விரிக்க வேண்டும். அந்த உரிமையை வேறு யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. மாமன் முறுக்கிக்கொண்டால் மாமனின் பெண்டாட்டி சும்மா இருக்க வேண்டுமா? லைப்ரரியிலிருந்து தையல் புத்தகம் எடுத்து வந்து, என் காட்டன் சேலைகள் இரண்டைச் சதுரம் சதுரமாக வெட்ட ஆரம்பித்தேன். மேல்துணி சற்றுப் பெரியது, அடித்துணி சிறியது. மூன்று பக்கம் கொசுவம் வைத்துத் தைத்து, மிச்சப் பக்கம் வழியாகப் பஞ்சு திணித்து மூட வேண்டும். ஒவ்வொரு கட்டமும் குட்டித் தலையணை போல உப்பி நிற்கும். எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்தால் புசுபுசுவென்று ஒரு மெத்தைப் போர்வை.

ஆபீஸிலிருந்து வந்தவர் வெட்டிய துணிகளைப் பார்த்தார்.

"என்ன இது, பழைய சேலையா?"

"ஆமாங்க. உங்க தங்கச்சி புள்ளைக்கு."

"தாய்மாமன் துணி புதுசா இருக்கோணும். உனக்குத் தெரியாதா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. சட்டென்று பாத்ரூமுக்குள் போய்விட்டார். சனிக்கிழமை காலை சொல்லாமல் வெளியே போய், மஞ்சளும் ரோஸுமாகப் புதுத் துணியும் ஒரு பெரிய பை பஞ்சும் வாங்கி வந்தார்.

அதற்குப் பிறகு தையல் என் பொறுப்பு, பஞ்சு திணிப்பது அவர் பொறுப்பு என்றாயிற்று. திணித்தார் என்றால் அப்படித் திணித்தார். கட்டங்கள் வெடித்துவிடும் போலிருந்தன.

"ஏனுங்க, இது குழந்தை போத்திக்கிறது. மூட்டை கட்டறீங்களா?"

"மெத்துனு இருக்கட்டும்."

கொஞ்ச நேரம் கழித்து, கையில் பஞ்சை வைத்துக்கொண்டே கேட்டார்.

"அவ திருப்பிக் குடுத்துட்டா?"

"குடுக்க மாட்டா," என்றேன். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். இந்த மனுஷன் இன்னொரு முறை கதவைத் திறக்க மாட்டார். கலா இதைத் தள்ளிவிட்டால் எல்லாம் அதோடு முடிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனோம். மதன் கதவைத் திறந்து, நாங்கள் யாரென்று தெரிந்ததும், "கலா, யார் வந்திருக்காங்க பாரு," என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். கலா வந்தாள். இளைத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்திருந்தது. "வாங்கண்ணா, வாங்க அண்ணி," என்றாள். மதன் காபி போடப் போனார்.

குழந்தை கிரிப் எனும் மரத்தொட்டிலில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது. அடியில் ஒற்றை விரிப்பு, வேறு ஒன்றுமே இல்லை. இவர் போர்வையைப் பையிலிருந்து எடுத்து, இரண்டு கையாலும் ஏந்தி, விரிக்கக் குனிந்தார்.

"ஐயோ அண்ணா, வேண்டாம்!"

இவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஒரு வயசு வரைக்கும் புசுபுசுன்னு எதுவும் போடக்கூடாதுன்னு டாக்டர் ஸ்ட்ரிக்டா சொல்லியிருக்காங்கண்ணா. மூச்சு அடைச்சுக்குமாம்."

எங்களுக்கு இன்னும் குழந்தை இல்லை. இந்த ஊர் டாக்டர்கள் இப்படிச் சொல்வார்கள் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? ஆனால் செழியன் காதில் டாக்டர் எங்கே விழுந்தார்? "வேண்டாம்" மட்டும்தான் விழுந்தது.

"நான் போடறது ஆகாதுன்னு நேராச் சொல்லீரு. டாக்டர் மேல எதுக்குப் பழி போடறே?" போர்வையைக் கசக்கிப் பையில் திணித்தார். "வசந்தாமணி, கெளம்பு."

கலா பாய்ந்து வந்து பையைப் பிடித்தாள். இவர் இழுக்க, அவள் இழுக்க, போர்வை அவள் கைக்குப் போய்விட்டது. அதை அப்படியே தன் தோளில் போர்த்திக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தாள். குழந்தைக்கான அளவு. ஒரு தோளை மூடினால் இன்னொரு தோள் வெளியே தெரிந்தது.

"புள்ளைக்கு வேண்டாம்னுதான் சொன்னேன். எனக்கு வேண்டாம்னா சொன்னேன்?" போர்வையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "வளைகாப்புக்கு யாரும் வரல. ஆஸ்பத்திரில பக்கத்துல இவரைத் தவிர நம்ம ஆளுன்னு ஒருத்தர் இல்ல. வலியில அம்மான்னுகூடக் கூப்பிடல, அண்ணான்னுதான் கத்தினேன். நர்ஸ் இவர்கிட்ட அதுக்கு என்ன அர்த்தம்னு கேட்டுச்சு. இத்தனை நாள்ல எனக்குன்னு வீட்டுல இருந்து வந்தது இது ஒண்ணுதாண்ணா. தரமாட்டேன்."

இவர் விடுவிடுவென்று வெளியே போனார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது, பிறகு கார்க் கதவின் சத்தம்.

நான் ஜன்னலுக்கு ஓடினேன். போய்விட்டால் இந்த ஜென்மத்துக்கு மன்னிக்க மாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

கலா எழுந்திருக்கவில்லை. போர்வையை இழுத்துப் பிடித்தபடி அங்கிருந்தே கேட்டாள்.

"போயிட்டாங்களா அண்ணி?"

"எங்க போவாரு? ஸ்டியரிங் மேல தலையை வெச்சு அழுதுட்டு இருக்காரு," என்றேன். "அழட்டும் விடு."