தனப்பிரியாவின் பயம்

மகுடஞ்சாவடி நிறுத்தம் வந்ததும் நர்மதா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "எந்திரி தனா, இளம்பிள்ளைக்கு இங்கதான எறங்கோணும்?"

தனப்பிரியா அசையவில்லை. தன் கல்யாணச் சேலை பார்க்க இளம்பிள்ளைக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுத் தனியாகக் கிளம்பியவளுக்கு, அண்ணி நர்மதாவும் கூட வருவாள் என்று தெரியாது. பேருந்து நகர்ந்துவிட்டது.

"நான் சேலத்துக்குப் போறேங்க அண்ணி. அங்க ஒரு கிளினிக்குல ஆபரேஷனுக்குச் சொல்லி வெச்சிருக்கேன்."

நர்மதா தொப்பென்று உட்கார்ந்தாள். "வயித்துல கட்டியா கண்ணு?"

தலையைக் குனிந்துகொண்டு, முன்சீட்டுக்காரருக்குக் கேட்காத குரலில் தனப்பிரியா சொன்னாள். பிறப்புறுப்பின் உள்ளிதழ் ஒன்று நீண்டு வெளியே தெரிகிறது. இன்னொன்று கட்டை. நிறமும் கருத்திருக்கிறது. ஃபோனில் பார்த்த படங்களில் யாருக்கும் இப்படி இல்லை. நடத்தை கெட்ட பெண்களுக்குத்தான் இப்படி ஆகும் என்று எவனோ எழுதியதைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. கல்யாணத்துக்கு அப்புறம் சந்தோஷ்குமார் பார்த்தால் என்ன நினைப்பான்? வெட்டிச் சரி செய்து தருகிறோம் என்று அந்தக் கிளினிக்கில் சொன்னார்கள்.

"அறுக்கறதா!" நர்மதாவின் முகம் வெளுத்துப்போனது. "மொதல்ல போற வழியில சூரமங்கலத்து டாக்டரம்மாகிட்டக் காட்டலாம். எனக்குப் பிரசவம் பார்த்தவங்க. அப்புறம் உன் இஷ்டம்."

"அண்ணங்கிட்ட..."

"சொல்ல மாட்டேன். வா."

டாக்டர் தெய்வநாயகியின் அறையில் படுக்கையைச் சுற்றித் திரை இருந்தது. அந்தப் பக்கம் நாற்காலியில் அண்ணி உட்கார்ந்திருந்தாள். டாக்டர் ஒவ்வொன்றாக அனுமதி கேட்டுக்கொண்டே பார்த்தார். வலி இருக்கிறதா, அரிப்பு, புண், வண்டி ஓட்டும்போது உரசல் உண்டா என்று கேட்டார். எதுவுமே இல்லை.

"நல்லாத்தாம்மா இருக்கு. வயசுக்கு வர்ற சமயத்துல இதுங்க வளரும், நிறம் மாறும். ரெண்டும் ஒரே அளவா இருக்கிறதுதான் அபூர்வம். நான் பார்க்கிற பொம்பளைங்கள்ல ஒருத்தர மாதிரி இன்னொருத்தர் இல்ல."

"படத்துல அப்படி இல்லீங்களே."

"ஒரே மாதிரி இருக்கிறதைப் பொறுக்கி எடுத்து, அதையும் திருத்திப் போடறாங்க."

"நான் தப்பு எதுவும் பண்ணலீங்க." அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"நடத்தைக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. தொந்தரவே இல்லாததை வெட்டினா தழும்பும் வலியும் மிஞ்சலாம், உணர்ச்சியும் குறையலாம். தொந்தரவு வந்தா என்கிட்ட வா, பேசிக்கலாம்."

அப்போது திரைக்கு அந்தப் பக்கமிருந்து கரகரத்த குரல் வந்தது. "டாக்டரம்மா... எனக்கும் அப்படித்தான் இருக்குங்க, அப்ப அது சீக்கு இல்லீங்களா?"

டாக்டர் கையுறையைக் கழற்றியபடி திரும்பினார். "உன் பிரசவத்தை நான்தானே பார்த்தேன் நர்மதா? எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. அப்பவே கேட்டிருக்கலாமே?"

"எப்படீங்க கேக்கறது?"

தனப்பிரியா படுத்தபடியே அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டில் எல்லாரையும் அதட்டி வேலை வாங்கும் அண்ணியின் குரல்தானா அது?

வெளியே வந்ததும் தனப்பிரியா கிளினிக்குக்கு ஃபோன் போட்டாள். சலுகை இன்றோடு முடிகிறது, யோசித்துச் சொல்லுங்கள் என்று அங்கே எடுத்த பெண் விடாமல் பேசினாள். "வேண்டாமுங்க," என்று சொல்லி வைத்துவிட்டாள். பயம் முழுதாய்ப் போகவில்லை. சந்தோஷ்குமார் என்ன நினைப்பானோ என்ற கேள்வி இன்னும் இருந்தது. ஆனால் உடம்பில் கத்தி படப்போவதில்லை என்ற நினைப்பில் மூச்சு சீராக வந்தது.

திரும்பும் பேருந்தில் நர்மதா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"கல்யாணம் ஆனதுலிருந்து ராத்திரி அவரு பக்கத்துல வந்தா நான் வெளக்கப் போட உட்டதே இல்ல தனா. உங்கண்ணன் தன்னை எனக்குப் பிடிக்கலையோன்னு நெனச்சிட்டிருக்காரு." கொஞ்சம் தயங்கினாள். "என்னோடத மட்டும் அவருகிட்டச் சொல்லட்டுமா?"

"சொல்லுங்க அண்ணி," என்றாள் தனப்பிரியா.