கீர்த்தனா சொன்ன அர்த்தம்

தாடிக்கொம்பு சாலையில் உள்ள கருப்பணனின் முருங்கைப் பொடி கம்பெனியில் இங்கிலீஷ் என்றாலே கீர்த்தனாதான். ஆங்கில இலக்கியம் படித்தவள். வெளிநாட்டிலிருந்து வரும் மெயிலுக்கெல்லாம் அவள்தான் பதில் எழுதுவாள். விவசாயக் குடும்பத்திலிருந்து தொழிலுக்கு வந்த கருப்பணன், தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டதே இல்லை. கீர்த்தனாவுக்கு அந்தக் கூச்சம் நிறையவே இருந்தது.

ஒரு நாள் காலை, ஆஸ்திரேலியாவில் பொடி வாங்கும் டேனி என்பவரிடமிருந்து கருப்பணனின் போனுக்குக் குரல் செய்தி வந்தது. எப்போதும் எழுதி அனுப்புகிறவர் அன்று கார் ஓட்டிக்கொண்டே பேசியிருந்தார். காற்று இரைச்சலுக்கு நடுவே இரண்டு வார்த்தைகள்தான் அவள் காதில் தெளிவாக விழுந்தன. சரக்கு 'சிக்'. காயப்போடுகிற ஆள் 'விக்கட்'. நடுவில் அவர் சொன்ன 'பேட்ச்' கூட அவளுக்கு 'பேட்' என்றுதான் கேட்டது. சிக் என்றால் நோய், பேட் என்றால் மோசம், விக்கட் என்றால் கெட்ட ஆள். பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதானே?

பேசியவரின் குரலில் சிரிப்பு இருந்ததை அவள் கவனிக்காமல் இல்லை. இன்னொரு தரம் போட்டுக் கேட்கலாமா என்றும் நினைத்தாள். லோடு ஏற்ற வந்தவர்கள் வாசலில் நின்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சரக்கு மோசமாம் சார். சாப்பிட்டவங்களுக்கு ஒடம்புக்கு முடியலையாம். காயப்போடுறவங்க சரியில்லங்கிறாரு."

இலை காயும் கொட்டகை முத்துப்பேச்சியின் பொறுப்பு. அகரத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து இருக்கிறாள். கருப்பணன் அவளைக் கூப்பிட்டு, கொஞ்ச நாளைக்கு வர வேண்டாம் என்றார். என்ன குறை என்று அவள் கேட்டதற்கு, வெளிநாட்டுக்காரன் சொல்லிவிட்டான், கீர்த்தனாதான் கேட்டுச் சொன்னது என்று கையைக் காட்டினார். முத்துப்பேச்சி கீர்த்தனாவைப் பார்த்தாள். கீர்த்தனா கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

அடுத்த வாரம் டேனி எழுதியே அனுப்பினார். போன சரக்கு அவ்வளவு 'சிக்' என்பதால் இந்த முறை இரண்டு மடங்கு வேண்டுமாம். அதே ஆள்தான் காயப்போட வேண்டுமாம். கீர்த்தனா அந்த வரியை இரண்டு தரம் படித்தாள். போனில் தேடினாள். அந்த ஊர் இளவட்டங்களின் பேச்சில் சிக் என்றால் பிரமாதம், விக்கட் என்றால் அசாத்தியம். நம் ஊரில் 'கொன்னுட்ட மாப்ள' என்றால் யாராவது போலீசைக் கூப்பிடுகிறார்களா? அதே மாதிரிதான்.

ஆர்டர் கூடியிருக்கிறது என்பதை மட்டும் கருப்பணனிடம் சொன்னாள். மீதியைச் சொல்ல வாய் வரவில்லை. கொட்டகையைக் கடந்து போகும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டாள். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தாள்.

பேக்கிங்கில் இருக்கும் அறிவுச்செல்வியும் அகரத்துக்காரி. முத்துப்பேச்சி சாயங்காலத்தில் அக்கம்பக்கத்துக்கு இட்லி மாவு ஆட்டி விற்பவள் என்றும், இப்போது அதை யாரும் வாங்குவதில்லை என்றும் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். அவள் கைபட்ட பொடியைத் தின்று சீமையில் ஆட்கள் படுத்துவிட்டார்கள் என்று ஊரெல்லாம் பேச்சாம்.

கீர்த்தனா நேரே கருப்பணனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிருக்கலாம்ல? நானும் தெரியாமத்தான ஒன்னையக் கேட்டேன்" என்றார். பிறகு, தானும் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்காமல் அந்த அம்மாவை அனுப்பியது தப்புதான் என்று சொல்லிக்கொண்டே வண்டிச் சாவியை எடுத்தார்.

முத்துப்பேச்சி அகரத்தில் ஒரு சம்பங்கித் தோட்டத்தில் ஊர்ப் பெண்களோடு பூப்பறித்துக்கொண்டிருந்தாள். கீர்த்தனா அவளை வரப்போரம் கூப்பிட்டு, தணிந்த குரலில் நடந்ததைச் சொன்னாள். மன்னித்துவிடச் சொல்லிக் கேட்டாள்.

முத்துப்பேச்சி மடியிலிருந்த பூவைக் கூடையில் கொட்டினாள்.

"எங்கிட்ட மட்டும் சொல்லி என்ன பாப்பா செய்ய? என் கை சுத்தமானதுன்னு எனக்குத் தெரியும். இந்தா நிக்கிறாகள்ல, அவுககிட்டச் சொல்லு."

கீர்த்தனா சொன்னாள். தான் கேட்டது தப்பு, சொன்னது தப்பு, யாருக்கும் நோய் வரவில்லை, அந்த ஆள் இந்த அக்காவைப் புகழ்ந்துதான் பேசினார் என்று சத்தமாகவே சொன்னாள். நோய் என்றால் எப்படிப் புகழ்ச்சியாகும் என்று ஒருத்தி கேட்டாள். 'கொன்னுட்ட' கதையைச் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். முத்துப்பேச்சி சிரிக்கவில்லை.

நாளைக்கே வேலைக்கு வரச்சொல்லிக் கருப்பணன் கேட்டார். "வாரேன் சார். இந்த முகூர்த்தம் முடியட்டும். இவுகளுக்கு வார்த்தை குடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு அவள் செடிப்பக்கம் திரும்பிக்கொண்டாள். திரும்பி வரும் வழியெல்லாம் கருப்பணன் புது ஆர்டரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். அதற்கு நாலு திட்டு திட்டியிருக்கலாம் என்று கீர்த்தனாவுக்குத் தோன்றியது.

சொன்னபடியே முகூர்த்தம் முடிந்ததும் முத்துப்பேச்சி வந்துவிட்டாள். மாவு வாங்கவும் பழையபடி ஆட்கள் வருகிறார்கள். எதிர்வீட்டுக்காரி மட்டும் இன்னும் கடை மாவுதான் வாங்குகிறாளாம். அறிவுச்செல்வி அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். கீர்த்தனா அன்று மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.