மீன்காரரின் குரல்

கணவரின் வயிற்றில் வைத்த கையை நிமியா எடுத்தாள். வைத்தாலும் கத்தினார், எடுத்தாலும் கத்தினார் செனோன். என்கர்நசியோன் நகரத் தெருக்களில் நாற்பது வருஷம் சைக்கிளில் சுருபி மீன் விற்ற குரல் அது. ஆஸ்பத்திரி வார்டு முழுக்க அதைக் கேட்டுத்தான் ஆகவேண்டியிருந்தது.

நர்ஸ் தெல்ஃபினா நாடி பார்த்தாள், பிரஷர் பார்த்தாள், ஆபரேஷனுக்குச் சொல்லியாயிற்று என்றாள். உடனே மூன்றாம் கட்டிலுக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு லாரி டிரைவர் சத்தமே இல்லாமல் படுத்திருந்தார்.

“அந்தாளு சும்மா தூங்குறாரு. இங்க ஒரு மனுஷன் உயிர் போறமாதிரி கத்துறது கேக்கலையா?”

“கேக்குது நிமியாம்மா. கத்துறவரைக்கும் எனக்குப் பயமில்ல,” என்றாள் தெல்ஃபினா திரும்பாமலே.

நிமியாவுக்கு அது குத்தலாகப் பட்டது. வெட்கம் பிடுங்கித் தின்ன, அவர் காதருகே குனிந்தாள்.

“யோவ், கொஞ்சம் வாய மூடேன்யா. எல்லாரும் பாக்குறாங்க.”

சற்று நேரத்தில் செனோன் அடங்கிவிட்டார். அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அவர் கை சில்லென்று வேர்த்திருந்தது. இந்த வெயிலுக்கு நல்லதுதான் என்று போர்வையைச் சரிசெய்தாள். பேச வந்த பக்கத்துக் கட்டில்காரரின் மனைவியிடம், தூங்குகிறார் என்று சைகை காட்டினாள்.

தெல்ஃபினா சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். மறுகணம் ஓடிவந்தாள். டாக்டரும் ஓடிவந்தார். நிமியாவை வெளியே அனுப்பினார்கள்.

அரை மணி நேரம் கழித்து தெல்ஃபினா மட்டும் வந்து பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் முகமே சொல்லிவிட்டது.

“நான்தான் வாய மூடச் சொன்னேன்,” என்றாள் நிமியா. “நாப்பது வருஷத்துல இன்னைக்குத்தான் என் பேச்சக் கேட்டாரு.”

“நீங்க சொல்லி அடங்கலம்மா. உள்ள ரத்தம் கொட்டியிருக்கு. சத்தம் நின்னா கூப்பிடுங்கன்னு நான் சொல்லியிருக்கணும். அத விட்டுட்டேன்.” நிமியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “நாப்பது வருஷமா கேக்காத மனுஷன், இன்னைக்கு மட்டும் கேட்டுருவாராக்கும்?”

நிமியாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த வாயோடு அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“அந்த டிரைவரு?”

“பொழைச்சுக்குவாரு.”

நிமியா தலையாட்டினாள்.

சாயங்காலம் செனோனின் செருப்பை எடுக்க உள்ளே போனாள். அந்தக் கட்டிலில் அதற்குள் வேறொருவர் கத்திக்கொண்டிருந்தார். அவர் மனைவி வார்டு முழுக்கப் பார்த்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“விடும்மா, கத்தட்டும்,” என்றாள் நிமியா. “நல்லாக் கத்தட்டும்.”

செருப்பை எடுத்த பிறகும் அவள் போகவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டபடி கட்டில் ஓரமாகவே நின்றிருந்தாள்.