கருகிய வாசலில் கோரை

டெல்மர் வைத்த தீ வைத்த இடத்தில் நிற்கவில்லை.

வாசலில் அவர் மனைவி ஆர்லிஸ் கோரை வளர்க்கிறாள். வசந்தம் பிறந்ததும் காய்ந்த பழைய கோரைத் தாளை எரித்துவிட்டால் புதுத் தளிர் செழிக்கும். டெல்மர் பெரிய நிபுணர் மாதிரி விரலை நனைத்துக் காற்றின் திசை பார்த்தார். தீக்குச்சியைக் கிழித்த பிறகு பார்த்ததுதான் பிசகு. பக்கத்து வீட்டு வெண்டலின் பிளாஸ்டிக் சுவர்ப்பலகை உருகி வெண்ணெயாக வழிந்தது.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் உள்ள அந்தச் சிற்றூருக்கு வெண்டல்தான் ஊர் மன்றத் தலைவர். வந்து பார்த்து, "ம்ம், வித்தியாசமா இருக்கு," என்றார். அந்த ஊரில் அதைவிடக் கடுமையாக யாரும் திட்டுவதில்லை.

டெல்மர் பலகையை மாற்றிக் கொடுத்தார். ஆர்லிஸ் சுட்ட இலவங்கப்பட்டை இனிப்பு ரொட்டியும் ஒரு தட்டு கொண்டுபோனார். வெண்டல் இரண்டையும் ஏற்றுக்கொண்டு, மறுநாள் காப்பிக் கோப்பையோடு வேலியோரம் வந்து நின்றார்.

"அந்தக் களைய எடுத்துட்டு எல்லாரையும்போல புல்தரை போட்டா தெருவுக்கே லட்சணமா இருக்கும், இல்லையா? திங்கக்கிழமை டிராக்டரோட வரட்டுமா?"

"யோசிக்கலாமே," என்றார் டெல்மர். தனக்கு முதுகெலும்பு உண்டா என்று அவருக்கே வெகுநாள் சந்தேகம்.

ஆர்லிஸ் அடுக்களையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"எடுத்துடலாமா?" என்று கேட்டார் டெல்மர்.

"உனக்கு எது சரின்னு படுதோ."

"கோவமா?"

"எனக்கென்ன கோவம்?" தோலோடு பாதிக் கிழங்கும் போனது.

ரயில் பாதையோரம் கலப்பைக்குத் தப்பிய ஒரு துண்டு நிலத்தில், மண்டிபோட்டு விதை பொறுக்கி அவள் வளர்த்த கோரை அது. ஊரைச் சுற்றிச் சோளம் வருவதற்கு முன்பே அந்த இனம் அந்த மண்ணில் இருந்தது.

திங்கட்கிழமை டிராக்டர் உறுமியது. ஆர்லிஸ் மடக்கு நாற்காலியைத் தூக்கிப்போய்க் கருகிய தரையின் நடுவில் போட்டு உட்கார்ந்தாள். காலைச் சுற்றி ஊசி ஊசியாகப் பச்சை.

"ஆர்லிஸ், குளிருதே, உள்ள போயேன்," என்றார் வெண்டல், எஞ்சினை அணைக்காமல்.

"பரவால்ல, கோட்டு போட்டிருக்கேன்."

டெல்மர் இன்னொரு நாற்காலியோடு ஓடிவந்து இருவருக்கும் நடுவில் நின்றார். அதை விரிக்கவும் தைரியம் வரவில்லை, திரும்பிப் போகவும் மனம் வரவில்லை.

"ஒரே ஒரு தடவ நேரா சொல்லிடு, ஆர்லிஸ். இது வேணுமா, வேண்டாமா?" என்றார் டெல்மர்.

அவள் வெண்டலைப் பார்த்தபடியே, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்:

"வேணும். எடுக்க விடமாட்டேன். இன்னிக்கும் மாட்டேன், என்னிக்கும் மாட்டேன். நீ வச்ச தீயிலேயே சாகாதது, இவர் டிராக்டருக்கா சாகப்போகுது? உட்காரு, டெல்மர்."