தூண்டில் பெட்டியில் இருந்தவை

ஏரி உறைந்து கிடந்த அந்தக் கடைசி வாரத்தில் மார்னிக்கு எல்லாமே தண்ணீருக்கடியில் நடப்பது போலிருந்தது. பனிக்கட்டிமேல் நிற்கும் மீன்பிடிக் குடிலுக்குள் அவளும் அவள் காதலன் வெஸ்ஸும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பனியைத் துளைத்த வட்டக் குழி. அதிலிருந்து பச்சை வெளிச்சம் மேலேறிக் கூரையில் அசைந்தது. அவளுக்கு நாள் தள்ளிப்போய் ஒரு வாரத்துக்கு மேலாகிவிட்டது. அவனிடம் இன்னும் சொல்லவில்லை. பனி உருகியதும் சரக்குக் கப்பலில் சமையல் வேலை, அவளுடைய முதல் வேலை, காத்திருந்தது. வயிற்றில் ஏதாவது இருந்தால் கப்பல் அவளை விட்டுவிட்டுப் போய்விடும்.

"சின்ன முள்ளு ஒண்ணு எடுத்துக் குடேன்," என்றான் வெஸ்.

தூண்டில் பெட்டியின் அடித்தட்டில் கையை விட்டாள். முள்ளோடு ஒரு ஆணுறைப் பாக்கெட்டும் தொங்கிக்கொண்டு வந்தது. முள் அதில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் எட்டிப் பார்த்தது. குளிர்காலம் முழுக்க, விளக்கை அணைத்துவிட்டு, இருட்டில் கைக்குக் கிடைத்த பாக்கெட்டை எடுத்தவன் வெஸ்தான்; எங்கிருந்து என்று அவள் பார்த்ததில்லை.

"இதையா இங்க வெச்சிருந்தே?"

"வீட்டுல வெச்சா அம்மா பாத்துருவாங்க. என் தூண்டில் பெட்டிய யாரு தொடுவா?"

"வெஸ், எனக்கு நாள் தள்ளிப் போயிருக்கு."

நூல் அவன் கையிலிருந்து நழுவிக் குழிக்குள் இறங்கிப்போனது. அவன் அதைப் பிடிக்கவில்லை.

கரையில் மீன் இரை விற்கும் கடை மார்னியின் பெரியம்மா மகள் ஜனெலுடையது. மண்புழு, பால், இருமல் மிட்டாய், கர்ப்பம் பார்க்கும் குச்சி எல்லாம் அங்கே ஒரே அலமாரியில். கதையைக் கேட்டதும் ஜனெல் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"முள்ளோட சேத்தா வெச்சே? மீனுக்கு மாட்டிவிடவாடா?"

"சும்மா இரு ஜனெல்," என்றான் வெஸ். அவன் காது சிவந்திருந்தது.

கழிப்பறையில் சோதித்துக் கொண்டுவந்த குச்சியைத் துணிமேல் வைத்துவிட்டு, கவிழ்த்த வாளியில் மார்னி உட்கார்ந்தாள். எதிரே கண்ணாடித் தொட்டியில் இரைமீன் குஞ்சுகள், யாரோ மெல்லக் கூப்பிட்டதுபோல், ஒன்றாகத் திரும்பின. மறுபடி ஒன்றாகத் திரும்பின. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

"ஒரே கோடுதான்டி. ஒண்ணுமில்ல," என்றாள் ஜனெல். "அப்படியும் வரலைன்னா அடுத்த வாரம் இன்னொண்ணு பாத்துடு."

வெஸ் பெருமூச்சு விட்டான். "இனிமே வேற பெட்டியில வெச்சிடறேன்."

"நீ எங்க வேணா வெச்சுக்கோ. நான் கிளினிக்குக்குப் போயி கையில தோலுக்கடியில கருத்தடைக் குச்சி வெச்சுக்கப் போறேன்."

"அதையும் நூத்துக்கு நூறுன்னு யாரும் எழுதித் தரமாட்டாங்க," என்றாள் ஜனெல். "ஆனா அதுல இவன் தூண்டில் முள்ளு குத்தாது."

மார்னிக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை.

சாயங்காலம் குடிலை வண்டியில் கட்டிக் கரைக்கு இழுத்தான் வெஸ். குழி மட்டும் திறந்த வானத்தின் கீழே தனியாகக் கிடந்தது. அதன்மேல் மெல்லிய பனித்தோல் படர்வதை மார்னி நின்று பார்த்தாள். கை தானாக அடிவயிற்றைத் தொட்டது, பிறகு கோட்டுப் பைக்குள் போனது. தூரத்தில் பனி விரிசல்விட்டு நீளமாக முனகியது. கப்பலின் சங்கும் இப்படித்தான் கேட்கும் என்று நினைத்துக்கொண்டாள்.