சரியாகக் கேட்கவில்லை

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தினமும் காலையில் வீட்டிலிருந்தே ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் அமெச்சூர் ரேடியோவில் நண்பர்களோடு சேர்ந்து, அந்த ரேடியோக்காரர்களின் தேசியச் சங்கத்தைக் கிழிகிழியென்று கிழிப்பார். "கடுதாசி போட்டா பதிலே கிடையாது. அங்க எல்லாரும் தூங்குறாங்க" என்பார்.

ஒருநாள் நடுவில் ஒரு பெண்குரல் வந்தது. "சங்கத்துச் செயலாளர் பேசுறேன் அண்ணே. ஆபீஸ்ல நான் ஒரே ஆளு. மூணு பதவி காலியாவே கிடக்கு. நீங்க வந்து ஒண்ணை எடுத்துக்கிறீங்களா?"

அவருக்குக் காதுமடல் சுட்டது.

"சரியா கேக்கலம்மா, ஒரே இரைச்சல்" என்றார்.

அவள் பொறுமையாக, குரலை உயர்த்தி, முதலிலிருந்து சொன்னாள். அவர் செட்டை அணைத்தார்.

அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "எனக்கே இங்க கணீர்னு கேட்டுச்சே. உங்களுக்கா கேக்கல?"

அவர் மறுநாள் காலை செட்டுப் பக்கமே போகாமல் சீக்கிரமாகக் கடைக்குக் கிளம்பிவிட்டார்.