மூச்சையும் சேர்த்து

வைர முள் தட்டின் விளிம்பைத் தொட்டபோது நைரி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். எப்போதும் அப்படித்தான். இசைத்தட்டாகப் போகிற, கண்ணாடி போன்ற அந்த பிளாஸ்டிக் தட்டு சுழன்றது. மேலே எரிந்த விளக்கின் சூட்டில் இளகியிருந்த அதன் முகத்தில் முள் இறங்கி முதல் கோட்டைக் கிழித்தது. தலைமுடியைவிட மெல்லிய இழை ஒன்று சுருண்டு எழுந்து, பக்கத்தில் வைத்திருந்த உறிஞ்சு குழாய்க்குள் போயிற்று. இழை அறாமல் போகிறது என்று தெரிந்த பிறகுதான் அவள் மூச்சை விட்டாள்.

அவளுக்குப் பின்னால், கட்டிலில், அவள் புருஷன் அலிஸ்டரும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். அதுதான் அந்த ஷெட்டில் கேட்கிற பெரிய சத்தம்.

கார் நிற்க வேண்டிய இடத்தில் கட்டிலைப் போடச் சொன்னது அவனுடைய பிடிவாதம். படுக்கையறையில் ஜன்னல் வழியே பூச்செடியாவது தெரியும், இங்கே என்ன தெரியப்போகிறது என்று மாவட்ட நர்ஸ் ஹினெமோவா கேட்டாள். பூவைப் பார்த்துக்கொண்டே சாக நான் என்ன வண்டா என்று திருப்பிக் கேட்டான். மெஷின் ஓடுகிற சத்தம் காதில் விழ வேண்டும், நைரி தப்புச் செய்தால் திட்ட வேண்டும், அவ்வளவுதான் அவன் கேட்டது. ஆக்ஸிஜன் இயந்திரத்தையும் கட்டிலோடு சேர்த்து இங்கே கொண்டுவந்தார்கள். வெட்டும்போது அதன் உறுமல் இடைஞ்சல் செய்யாதபடி அதற்கு அடியில் பழைய கம்பளம் ஒன்றை மடித்துப் போட்டதும் அவன் சொல்லித்தான்.

கெல்மோர் ஊரின் பால் தொழிற்சாலையில் கொதிகலனைப் பார்த்துக்கொள்கிற வேலை அவனுக்கு. குழாய்களைச் சுற்றிப் போர்த்தியிருந்த கல்நார்த் தூள்தான் நுரையீரலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது என்று பிற்பாடு டாக்டர்கள் சொன்னார்கள். அதற்கெல்லாம் முன்பே, ஒரு வானொலி நிலையம் கழித்துக்கட்டிய இசைத்தட்டு வெட்டும் இயந்திரத்தை வாங்கி வந்து ஷெட்டில் பொருத்தியிருந்தான். பள்ளிக்கூடப் பாடகர் குழுவோ, பேக்பைப் ஊதுகிறவர்களோ, எந்த ரிக்கார்டு கம்பெனியும் வாசலில் சேர்க்காத கிட்டார் பையன்களோ, யார் கேட்டாலும் புருஷனும் பெண்டாட்டியும் வெட்டிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு பிரதியையும் தனியாகத்தான் வெட்ட வேண்டும். பாட்டு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். நடுவில் முள்ளைத் தூக்கினால் அந்தத் தட்டு குப்பைக்குத்தான்.

இப்போது வெட்டிக்கொண்டிருந்தது பாட்டு இல்லை. குளிர்காலத்தில் கெல்மோர் ஆஸ்பத்திரியை அரசாங்கம் பூட்டிவிட்டது. பிரசவமோ மாரடைப்போ, எதுவானாலும் மலைச் சாலையைத் தாண்டி இன்வர்கார்கில் நகரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஊர் மொத்தமும் மன்றத்தில் கூடிப் பேசியது. அந்தப் பேச்சை ஒலிநாடாவில் பிடித்து, இசைத்தட்டாக வெட்டி, மந்திரிகள் ஒவ்வொருவருக்கும், தொகுதி உறுப்பினருக்கும் அனுப்பலாம் என்று சொன்னவன் அலிஸ்டர்தான்.

"கடுதாசி போட்டா எவனாவது ஒருத்தன் படிச்சிட்டு ஃபைல்ல போட்டுருவான். கேசட்டு மேசைக்குள்ள போயிரும். ரிக்கார்டை மடிக்க முடியாது, ஒளிக்க முடியாது. என்னதான் இருக்குன்னு ஒரு தடவை போட்டுப் பாக்காம இருக்கவும் முடியாது."

முதல் பக்கத்தில் ஹினெமோவாவும், பிரசவத்துக்குப் போகிற வழியில் காரிலேயே பிள்ளை பெற்ற இரண்டு தாய்மார்களும் பேசினார்கள். இரண்டாம் பக்கம் முழுக்க அலிஸ்டர். மூக்கில் குழாயோடு மேடை ஏறி, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே மூச்சு வாங்கிப் பேசியிருந்தான். சொன்னது என்னவோ ஆறேழு வாக்கியந்தான். ஆஸ்பத்திரிக்காக ஊர் போட்ட கமிட்டியின் காரியதரிசி ஜாய்ஸ் நல்ல மனுஷி. நடுவில் உள்ள மூச்சு வாங்கலை எல்லாம் எடுத்துவிட்டால் கேட்கிறவர்களுக்குச் சுலபமாக இருக்குமே என்று தயங்கித் தயங்கிச் சொல்லிப் பார்த்தாள். அலிஸ்டர் நைரியைப் பார்த்துச் சொன்னான்:

"மூச்சையும் சேர்த்து வெட்டு. நான் காத்திருக்கேன்ல, அவனுங்களும் காத்திருக்கட்டும்."

அதனால் இப்போது நைரியின் காதில் இரண்டு அலிஸ்டர்கள். மேசைமேல் இருந்த சின்ன ஸ்பீக்கரில் ஒருவன், முதுகுக்குப் பின்னால் ஒருவன். 'என் பேரு அலிஸ்டர் மக்கின்டயர்,' என்றான் ஸ்பீக்கர்க்காரன். மூச்சு வாங்கினான். பின்னால் இருந்தவனும் வாங்கினான். 'நான் பொறந்தது இந்த ஊர்லதான்.' இருவருக்கும் மறுபடி மூச்சு. 'அந்த ஆஸ்பத்திரி மாடியில, மேல் வார்டுல.'

அதற்கப்புறம் ஒருவன்தான் மூச்சு வாங்கினான்.

நைரிக்குத் தெரிந்துவிட்டது. திரும்பவில்லை. இழை குழாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. அவள் வலது கை முள்ளைத் தூக்குகிற நெம்புகோலின் மேல் இருந்தது. எழுந்தால் நாற்காலி இடிக்கும், மரத் தரை அதிரும், கோடு சிதறும். மேசை விளிம்பை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். 'அங்கேயே சாகலாம்னு இருந்தேன்,' என்றான் அவன். ஆக்ஸிஜன் இயந்திரம் தன்பாட்டுக்கு உறுமியது. 'அதைப் பூட்டிட்டீங்க.' நெடுநேரம் ஒன்றும் இல்லை. மன்றத்தில் யாரோ இருமிய சத்தம் மட்டும் வந்தது. 'அதனால வீட்ல சாகப்போறேன். வீட்டையும் பூட்டணும்னா, வந்து பூட்டிப் பாருங்க.'

கைதட்டல் எழுந்து அடங்கியது. கடைசி வட்டத்தைச் சுற்றவிட்டு, நெம்புகோலைத் தூக்கி, விளக்கை அணைத்து, தட்டை எடுத்து உறையில் போட்டாள். அப்புறம்தான் கட்டிலுக்குப் போனாள். ஆக்ஸிஜன் இயந்திரத்தை நிறுத்தினாள். அவன் கண் பாதி திறந்திருந்தது. அதை மூடிவிட்டு, ஆறிக்கொண்டிருந்த கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"தட்டு நல்லா வந்திருக்கு," என்றாள்.

ஹினெமோவா வழக்கம்போல் பகல் சுற்றில் வந்தபோதும் அப்படியேதான் உட்கார்ந்திருந்தாள். ஹினெமோவா பையைக் கீழே வைத்து, அவன் நெற்றியில் கை வைத்து, தன் பூர்வகுடிப் பாஷையில் மெல்ல ஒரு பிரார்த்தனை சொன்னாள். பிறகு, எப்போது போனான் என்று கேட்டாள்.

"மேல் வார்டுன்னு சொன்னதுக்கப்புறம்," என்றாள் நைரி.

ஹினெமோவா மெஷினைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள்.

"நிறுத்தலியா?"

"நிறுத்தியிருந்தா எழுந்திருச்சு வந்து திட்டியிருப்பான்."

இருவரும் சிரித்தார்கள். ஹினெமோவா நைரியின் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள்.

மகன் ஸ்டூவர்ட் கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு சாயங்காலம் வந்து சேர்ந்தான். அதற்குள் சவப்பெட்டிக்காரர்கள் அலிஸ்டரைக் கொண்டுபோயிருந்தார்கள். ஜாய்ஸ் கொண்டுவந்த ஆட்டிறைச்சி ரொட்டி அடுப்படியில் தொடாமல் இருந்தது. அம்மா எங்கே என்று தேடியவன் ஷெட்டுக்கு வந்து, அவள் மெஷினில் புதுத் தட்டை வைப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டான். நடந்ததை ஹினெமோவா அவனுக்குப் போனில் சொல்லியிருந்தாள்.

"அப்பா உயிர் போயிட்டு இருக்கு, நீ முதுகைக் காட்டிட்டு உக்காந்திருந்தியா?"

"ஆமா."

"ஒரு ரிக்கார்டுக்காக."

"அவனோட ரிக்கார்டு."

ஸ்டூவர்ட் நல்ல பிள்ளை. ஆனால் துக்கம் வந்தால் கோபமாகத்தான் வரும் அவனுக்கு, அப்பனைப்போல. பிளாஸ்டிக் புகையிலேயே அப்பாவை வைத்திருந்தாய், சுத்தமான காற்று இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பார் என்றான். இதை விற்றுவிட்டு என்னோடு வந்துவிடு என்றான். இன்றைக்காவது இதை நிறுத்து என்று சொல்லிவிட்டு, சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தான். தட்டு மெல்லச் சுழன்று நின்றது.

நைரி எழுந்து போய்ச் சுவிட்சைப் போட்டாள். அவன் மறுபடி அணைக்கக் கை நீட்டினான். அவள் சுவருக்கும் அவனுக்கும் நடுவில் நின்றாள். அவன் தோள் உயரம்கூட இருக்க மாட்டாள்.

"எத்தனை தடவை வேணா அணை. அத்தனை தடவையும் நான் போடுவேன். இன்னும் நாலு பேருக்கு வெட்டணும். நாளைக்குத் தபால்ல போகணும்."

"அந்தக் குரலை நாலு தடவை உன்னால கேக்க முடியுமா?"

"நீ இருக்கறதா இருந்தா இரு. போறதா இருந்தா இப்பவே போ. முள்ளு இறங்கினப்புறம் நடந்தா தரை அதிரும்."

அவன் ஷூவைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, காலுறையோடு வந்து, அப்பாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். படுக்கை விரிப்பு இன்னும் எடுக்கப்படாமல் கசங்கியே கிடந்தது. நைரி முள்ளை இறக்கினாள். அந்த நாலு பிரதிகளும் முடிகிற வரை ஸ்டூவர்ட் அசையவில்லை. இரண்டாவது பிரதியின்போது அவன் அழுதான். சத்தம் வராமல் விரிப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டான். அவள் இழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஜாய்ஸ் போன் செய்தாள். இந்த நேரத்தில் அனுப்புவது மரியாதையாக இருக்குமா, அடக்கம் முடிகிற வரை பொறுக்கலாமே என்று கமிட்டியில் ஒரு பேச்சு வந்ததாம். மரியாதை செய்ய வேண்டுமானால் தபால்தலை வாங்கி ஒட்டச் சொல்லு என்றாள் நைரி. உறைகளை அடுக்கிய பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு தபாலாபீசுக்குப் போனவன் ஸ்டூவர்ட்தான். போகும்போது ஒரு உறையை மட்டும் நைரி வெளியே எடுத்து வைத்துக்கொண்டாள். அதன் மேல் அந்தத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர் கேல்டரின் பெயர் எழுதியிருந்தது.

"இதுக்குத் தபால் செலவு வேண்டாம். அந்தாளு அடக்கத்துக்கு வருவான்."

வந்தார். ஆஸ்பத்திரியை மூடுகிற தீர்மானத்துக்குக் கை தூக்கிய கேல்டர், கறுப்பு சூட்டும் வெள்ளை லில்லி வளையமுமாகத் தேவாலயத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். அலிஸ்டரைப் பற்றி இரண்டு வார்த்தை பேசலாமா என்று அவர் கேட்டதாகப் பாதிரியார் குனிந்து நைரியின் காதில் சொன்னார். இங்கே வேண்டாம், வீட்டுக்கு வரச் சொல்லுங்கள் என்றாள்.

கல்லறையிலிருந்து ஊரே வீட்டுக்கு வந்தது. பெண்கள் ஆளுக்கொரு தட்டில் முட்டை சாண்ட்விச்சும் சாசேஜ் ரோலும் கொண்டுவந்திருந்தார்கள். உள்ளே இடம் போதாமல் ஆட்கள் தேநீர்க் கோப்பையோடு புல்வெளியில் நின்றார்கள். கேல்டர் ஒவ்வொருவரிடமும் கை குலுக்கிவிட்டு, கையில் சாண்ட்விச் தட்டோடு நைரியிடம் வந்தார். அலிஸ்டர் மாதிரி ஆட்கள்தான் இந்த நாட்டின் முதுகெலும்பு என்று ஆரம்பித்தார். அவள் உறையை நீட்டினாள்.

"அவன் உங்களுக்குப் பேசினது இது."

"ரொம்ப நன்றி, நைரி. வீட்டுக்குப் போய்க் கட்டாயம் கேக்கறேன்."

"உங்க வீட்ல ரிக்கார்டு ப்ளேயர் இருக்கா?"

சி.டி. வந்த பிறகு அதைத் தூக்கிப் போட்டாயிற்று என்றார். யாரிடமாவது கேட்டு வாங்குகிறேன் என்றார்.

"எங்க வீட்ல இருக்கு. வாங்க."

ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. வராமல் இருக்க முடியாது. ஷெட்டுக்குள் போனதும், கார் வரும் வழியின் பெரிய கதவைப் புல்வெளிப் பக்கமாக மேலே தள்ளித் திறந்துவிடும்படி ஸ்டூவர்ட்டிடம் சொன்னாள் நைரி. கேல்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். நான் நின்றுகொண்டே கேட்கிறேன், இன்னொரு ஊரில் கூட்டம் இருக்கிறது என்றார்.

"உக்காருங்க," என்றாள் அவள். "அவன் பேச நேரமாகும்."

ஸ்டூவர்ட் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான். அவர் உட்கார்ந்தார். நைரி தட்டை இரண்டாம் பக்கம் திருப்பி வைத்து, பெரிய ஸ்பீக்கரின் குமிழைத் திருகிவிட்டு, திறந்திருந்த வாசலின் நடுவில் போய்க் கை கட்டி நின்றுகொண்டாள். முதலில் கீறல் சத்தம். அப்புறம் பெயர். அப்புறம் மூச்சு.

புல்வெளியில் பேச்சு நின்றது. கோப்பையும் சாசருமாக இருந்தவர்கள் இருந்த இடத்திலேயே ஷெட்டின் பக்கம் திரும்பினார்கள். மலைப் பக்கத்திலிருந்து வந்த தூறல் கறுப்புக் கோட்டுகளின் மேல் விழ ஆரம்பித்தது. யாரும் உள்ளே போகவில்லை. கேல்டர் கடித்த சாண்ட்விச்சை மெல்லலாமா கூடாதா என்று தெரியாமல் வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அடுத்த வாக்கியம் இன்னும் வரவில்லை. வெளியே, பாதி குடித்த தேநீரில் மழை சொட்டிக்கொண்டிருந்தது.